நடந்து சென்று பறிகொடுத்த சிற்றுந்து

நகர்மன்றத்தின் தலைவராகவும் என் மகளின் மாமனாராகவும் ஒரே நாற்காலியில் இருவராக வீற்றிருக்கும், என் அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாளும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டு தங்கள் வீட்டுக் கட்டிலில் கிடக்கும் என் மகளும், அவள் காலில் உள்ள மாவுக்கட்டும் நலம் என்று அறிந்தேன். இங்கு நலம் இல்லை. அதற்குக் காரணம் தாங்கள். உறவைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிட்டுக் குடிமகனாக உள்ளே வருகிறேன். எங்கள் தெருவின் மாலைச் சிற்றுந்தை நிறுத்தியது அநீதி. அப்பட்டமான அநீதி. கேட்பார் இல்லை என்ற துணிவில் இழைக்கப்பட்ட அநீதி.

சென்ற வாரம் மன்றத்தின் செய்திமடல் எங்கள் கதவிடுக்கில் செருகப்பட்டிருந்தது. முதற்பக்கத்தில் நிதிநிலை முடிவுகள். "போதிய பயணியர் இன்மையால் மேட்டுத்தெருச் சிற்றுந்துச் சேவை இம்மாத இறுதியோடு நிறைவு பெறுகிறது." நிறைவு பெறுகிறதாம். கழுத்தை நெரித்துவிட்டு நிறைவு என்று எழுதும் தமிழைத் தங்கள் எழுத்தருக்குக் கற்பித்த ஆசிரியர் எவரோ, அவர் வாழ்க. அதற்குக் கீழே ஒரு படம். படத்தில் முன்வரிசையில் கை உயர்த்தி நிற்பவன் நான். என் பின்னால் தெருவே நடந்து வருகிறது. சிற்றுந்தை நிறுத்தாதே என்று முழங்கிய வாய்கள் அத்தனையும் அகலத் திறந்திருக்கின்றன. படத்தின் தலைப்பு: "நடைப்பயிற்சியில் நம் மக்கள் காட்டும் ஆர்வம்."

சம்பந்தி அவர்களே, அந்த நாளை நினைவூட்டுகிறேன். நிதிநிலை அறிக்கை குறித்துப் பொதுமக்கள் கருத்தை மன்றம் கேட்ட நாள் அது. எங்கள் தெருவார் அனைவரும் திரண்டு செல்வது என்று முடிவாயிற்று. எதிர்வீட்டுத் தையற்காரம்மா மட்டும், "அண்ணே, நாம எப்பவும் போற பஸ்ஸுலயே போனா நேரா மன்றத்து வாசல்ல எறக்கி விட்டுடுவாங்களே. எதுக்கு இந்த வெயில்ல நடக்கணும்?" என்றார். "உரிமையை மீட்கப் புறப்பட்டவர்கள் சொகுசாக ஏறி அமர்ந்து போவதா?" என்று கேட்டேன். "போனா என்னண்ணே, அந்த பஸ்ஸுக்காகத்தானே போறோம்?" என்றார். தியாகத்தின் மேன்மையை எடுத்துரைத்தேன். "தியாகம்லாம் சரி, என் செருப்பு புதுசு, கடிக்குது" என்று முணுமுணுத்தபடி அவரும் நடந்தார். ஒருவர்கூடச் சிற்றுந்தில் ஏறவில்லை. கொள்கை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அதே மாலை, அதே சிற்றுந்தில், பயணியரை எண்ணுவதற்குத் தங்கள் மன்றம் ஓர் அலுவலரை ஏற்றி அனுப்பியது. ஆண்டு முழுவதும் இருக்கும் மாலைகளில் அந்த ஒரு மாலை. பிறகு ஓட்டுநர் என்னிடம் வந்து புலம்பினார். "உங்க தெருவுல ஒரு ஈ காக்கா இல்லைங்க. ஹாரன் அடிச்சு அடிச்சு என் கைதான் வலிச்சுது. அந்த சாரு பாவம், பென்சில சீவி வச்சுக்கிட்டு, உங்களையாவது எண்ணிக்கட்டுமான்னு என்னையே கேட்டாரு."

ஒருவரும் ஏறவில்லை என்றேன் அல்லவா, அதில் ஒரு திருத்தம். என் மனைவி ஏறினார். ஊர்வலத்தில் முன்வரிசை இடம் ஒதுக்கி அழைத்தேன். "நீங்க போய்க் கத்திட்டு வாங்க. அவளுக்குத் தலை வாரணும்" என்று சீப்பையும் துண்டையும் எண்ணெய்ப் புட்டியையும் பைக்குள் போட்டுக்கொண்டு, நாள்தோறும் போவதுபோல் மகளைப் பார்க்கப் போய்விட்டார். வண்டியில் அவர் ஒருவரே. அலுவலருக்குக் கொண்டாட்டம். "எங்கம்மா போறீங்க?" என்றாராம். "சம்பந்தி வீட்டுக்கு." "அவரு யாரு?" "யாரா? உனக்குச் சம்பளம் போடறவருப்பா" என்றாராம் என் மனைவி. அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

இதற்கிடையில் மன்றத்தில் என்ன நடந்தது? என் முறை வந்தது. போக்குவரத்து என்பது மாந்த இனத்தின் அடிப்படை உரிமை என்று தொடங்கினேன். அடித்தளம் இல்லாமல் மாளிகை எழுப்புவது என் வழக்கமன்று. மரக்கட்டையை உருட்டிய மனிதன் சக்கரத்தைக் கண்டறிந்த கட்டத்திற்கு வந்திருந்தேன். சிற்றுந்துக்கு இன்னும் சில ஆயிரம் ஆண்டுகளே இருந்தன. தாங்கள் மணியடித்தீர்கள். "சம்பந்தி, நேரம் முடிஞ்சுது, உக்காருங்க." "இந்த அவையில் நான் சம்பந்தி அல்லன், குடிமகன்" என்றேன். "சரிங்க, குடிமகன் சம்பந்தி, உக்காருங்க" என்றீர்கள். அவை சிரித்தது. வரலாறு சிரிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இப்போது முடிவைப் பாருங்கள். வண்டியை நிறுத்தி மிச்சம் பிடித்த தொகையில் எங்கள் தெருவுக்கு வண்ணக்கல் நடைபாதை. நடுநடுவே இளைப்பாற இருக்கைகள். நடப்பதில் எங்களுக்கு அவ்வளவு ஆர்வமாம், படமே சான்றாம். கால் வலிக்க நடந்து போய், இனி என்றென்றும் நடக்கும் வரத்தை வாங்கி வந்திருக்கிறோம்.

தொலைபேசியில் தங்களிடம் நியாயம் கேட்டேன். தாங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் என்ன பண்றது சம்பந்தி? கணக்குல இருக்கிற ஒரே ஆளு நம்ம சம்பந்தியம்மா. வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களுக்காக ஊர்ப் பணத்துல பஸ் விடறான்னு நாளைக்கு நாலு பேரு பேசுவான். இத்தனை வருஷம் கை சுத்தமா இருந்துட்டேன்." தங்கள் கை சுத்தத்தை நான் ஐயுறவில்லை. அந்தக் கைக்கு என் மனைவியின் முழங்கால் ஏன் சோப்பாக வேண்டும் என்பதே என் வினா.

தங்கள் வீட்டுக்கு நடந்து வருவதென்றால் வழியில் உள்ள தொடர்வண்டிப் பாலத்தின் படிகளை அவரால் ஏறி இறங்க முடியாது. வாடகை வண்டிக்காரரை அழைத்தால், எங்கள் மேட்டின் பெயரைக் கேட்டதும் ஊரில் இல்லை என்கிறார், ஊரிலிருந்தே. கட்டிலில் கிடக்கும் பெண்ணோ தாயைத் தவிர வேறு எவரையும் தலையில் கைவைக்க விடமாட்டாள். முதல் இரண்டு நாள் தாய் வரமுடியாமல் போனபோது முடி சிக்குப் பிடித்து, வெட்டிவிடுங்கள் என்று அவள் அழுததைத் தாங்களும் கேட்டீர்கள். அவள் அழுதால் எனக்குப் பேச்சு வராது. பேச்சு வராத என்னைத் தாங்கள் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம். ஒரு தாய் மாலையில் போய்ப் பெண்ணுக்குச் சடை பின்னிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். மேட்டுத்தெரு கேட்பது இவ்வளவுதான். வேறென்னங்க கேட்டுட்டோம்?

ஆகவே கோருகிறேன். அந்த எண்ணிக்கையைக் கிழித்தெறியுங்கள். ஊர்வலம் இல்லாத ஒரு சாதாரண வேலைநாளில் மறுபடி எண்ணுங்கள். அலுவலரை அனுப்பாதீர்கள், தாங்களே வந்து ஏறுங்கள். தையற்காரம்மாவின் முழங்கை தங்கள் விலாவில் இடிக்கும் நெரிசலை உணருங்கள். அதன்பின் எழுதட்டும் தங்கள் செய்திமடல்.

சம்பந்தி அம்மாளுக்கு என் பணிவான வணக்கம். மாப்பிள்ளைக்கு வாழ்த்து. மகளுக்கு ஆசி. தங்கள் குடும்பமும் குடிமக்களும் ஒருசேர வாழ்க.

இங்ஙனம்,
மேட்டுத்தெருக் குடிமகன், தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை உறையிலிட்டு, அஞ்சல்தலை கேட்டு மனைவியை அழைத்தேன். மறுமொழி இல்லை. தையற்காரம்மாதான் எட்டிப்பார்த்தார். "அண்ணி கடைசி பஸ்ஸுல போயிட்டாங்களேண்ணே, உங்ககிட்ட சொல்லலையா? பெரிய பையி, தலகாணி எல்லாம் எடுத்துட்டுப் போனாங்க. பஸ் வராட்டிப் போகுது, கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அங்கயே இருக்கப்போறாங்களாம். மொதல்ல அந்த அடுப்படிய ஒழுங்குபடுத்தணும்னு சொன்னாங்க."

இன்றோடு சேவை நிறைவு பெற்றது அல்லவா. ஆதலால் மேலே கண்ட கோரிக்கைகள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். போவதற்கு வண்டி கேட்டேன், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இனித் தேவை திரும்புவதற்கான வண்டி. அது மேட்டுத்தெருவின் பிரச்சினை அன்று, தங்கள் வீட்டுப் பிரச்சினை. என் மனைவியும் சம்பந்தி அம்மாளும் ஓர் அடுப்பின் முன் சேர்ந்து நின்றதை நான் திருமணத்தன்று ஒருமுறை பார்த்திருக்கிறேன். மாவுக்கட்டுப் பிரிக்க இன்னும் வெகுநாள் இருக்கிறது என்கிறார் மருத்துவர். தலைவரே, கை சுத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விடிந்ததும் மன்றத்தைக் கூட்டுங்கள், சிற்றுந்தை விடுங்கள்.