சிவப்பு மையும் காணிப்பாக்கத்துச் சத்தியமும்

ஒரே மாதத்தில் இங்கிலீஷைக் கரைத்துக் குடித்துவிடுவது என்று திருப்பதியில் குடியிருக்கும் சம்பத் முடிவு கட்டினான். ஏர்பேடு பக்கம் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் லைன் லீடர் பதவிக்கு இன்டர்வியூ வருகிறது. எல்லாம் இங்கிலீஷில்தான். ஆனால் வீட்டில் உட்கார்ந்து பகிரங்கமாகப் படிக்க வழியில்லை. ஷோபாவைப் பெண் பார்க்கப் போனபோது பி.ஏ. இங்கிலீஷ் பாஸ் என்று அளந்துவிட்டிருந்தான். உண்மையில் படித்தது முதல் வருஷத்தோடு சரி. அதோடு நின்றானா மனுஷன்? நகரியில் தெலுங்கு மீடியம் படித்த அவள் ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொன்னால் போதும், ஆறு வருஷமாகச் சிரிப்பாய்ச் சிரிக்கிறான். இப்போது அவள் கண்ணெதிரே கிராமர் புத்தகத்தைப் பிரித்தால் மானம் கப்பலேறிவிடும்.

ஆகவே திருட்டுப் படிப்பு. எழுவாயும் வினைச்சொல்லும் ஒத்துப்போக வேண்டும் என்ற பாடத்திலேயே வண்டி மண்ணில் சிக்கிக்கொண்டது. ஒருத்தன் போனால் வினைக்கு ஒரு வால் முளைக்குமாம், கும்பலாகப் போனால் அந்த வால் அறுந்துவிடுமாம். இது எந்த ஊர் நியாயமோ. "ஹி கோ, தே கோஸ்" என்று இருபது வாக்கியம் எழுதி, நோட்டைப் பரண்மேல் ஒளித்துவைத்தான்.

மறுநாள் எடுத்தால் இருபதும் சிவப்பு மையில் திருத்தியிருந்தது. ஷோபாவின் கோழிக்கிறுக்கல் இல்லை, பழைய காலத்து வளைவான கையெழுத்து. கீழே ஒரு மாதிரி வாக்கியம்: "எ ஹஸ்பண்ட் வாஷஸ் ஹிஸ் பிளேட்."

சம்பத் ஓடினான். குழந்தைகளுக்கு டியூஷன் எடுக்கும் பக்கத்து வீட்டு தாட்சாயணியிடம், இந்த வீட்டில் முன்னால் யார் இருந்தது என்று விசாரித்தான்.

"செல்லியம்மா டீச்சர் தம்பி. இங்கிலீஷ் டீச்சர். பரீட்சை பேப்பர் திருத்திக்கினு இருக்கும்போதே போய்ட்டாங்க. பாதிக் கட்டு அப்படியே நின்னு போச்சு."

அன்றிலிருந்து துன்ன தட்டை அவனே கழுவினான். ஷோபா ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் அசதியில் கழுவாமல் விட்டான். அடுத்த நாள் நோட்டில் இரண்டே வரி: "தி ஹஸ்பண்ட் ஃபர்கெட்ஸ். தி டீச்சர் டஸ் நாட்."

பிறகு ஷோபா அம்மா வீட்டுக்கு நகரி போனாள். லீவு நாள் காலை, கதவைப் பூட்டிவிட்டுக் குளிக்கப் போனான். தலையில் தண்ணீர் ஊற்றும்போது கூடத்தில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. துண்டோடு ஓடிவந்தான். யாரும் இல்லை, பூட்டு பூட்டியபடி. மேஜைமேல் நோட்டு திறந்து கிடந்தது. "தி ஹஸ்பண்ட் பேத்ஸ். தி டீச்சர் வெய்ட்ஸ்." தொட்டுப் பார்த்தான். மை விரலில் ஒட்டியது. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

வீட்டைக் காலி செய்துவிடலாமா என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம்தான் புத்தி கொஞ்சம் வேலை செய்தது. செத்துப்போன டீச்சருக்கு நம்ம வீட்டுத் தட்டுமேல் என்ன அக்கறை? ஷோபாவிடம் இன்னொரு சாவி இருக்கிறதே. சம்பத் வம்சத்தில் சந்தேகம் என்று வந்தால் ஒரே கோர்ட்தான், காணிப்பாக்கம் பிள்ளையார். அவர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்து தப்பியவன் கிடையாது என்பார்கள். சொம்பு காணோமென்றாலும் அவளை அங்கே கூட்டிப்போனவன் அவன்.

நகரியிலிருந்து திரும்பிய மறுநாளே, கோயில் குளத்தில் முழுகி, ஈரப் புடவையோடு சந்நிதியில் நின்றாள் ஷோபா. பரண்மேல் ஒரு நோட்டு, அதில் சிவப்பு மையில் எழுதியது நீயா, என்று கேட்டான். என்ன நோட்டு, யார் நோட்டு என்று அவள் கேட்கவேயில்லை. அந்தப் பதற்றத்தில் இவனுக்கு அது உறைக்கவுமில்லை.

"ஒரு எழுத்துகூட நான் எழுதல. பொய்யின்னா சாமி என் கண்ணைப் புடுங்கட்டும்," என்றாள்.

சம்பத் கணக்குப் போட்டான். அப்படியானால் டீச்சர் நிஜம். இன்று சாயங்காலம் அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

"இப்ப உன் முறை மாமா," என்றாள் அவள் நிதானமாக. "பி.ஏ. இங்கிலீஷ் பாஸ்னு சத்தியம் பண்ணு."

அவன் பிள்ளையாரைப் பார்த்தான். பிள்ளையாரும் அவனைப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சீக்கிரம் என்று தெலுங்கில் அவசரப்படுத்தினார்கள். பாஸ் இல்லை, முதல் வருஷத்தோடு நின்றுவிட்டேன் என்று முணுமுணுத்தான். சத்தமா சொல்லு என்றாள். சொன்னான். ஆறு வருஷத்துச் சிரிப்பு அங்கேயே செத்தது.

சித்தூர் பஸ்ஸில் ஷோபா எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு வருஷமாக அவன் வேலைக்குப் போனபின் தாட்சாயணியிடம் இங்கிலீஷ் படிக்கிறாளாம். பரணில் நோட்டைக் கண்டுபிடித்தது ஷோபா, அவள் சொல்லச் சொல்ல எழுதியது தாட்சாயணி. நகரி போகும்போது சாவியையும் அவளிடமே கொடுத்திருந்தாள்.

"நீயே எழுதியிருக்கலாமே," என்றான் சம்பத், ஈனசுரத்தில்.

"எழுதினா நீ காணிப்பாக்கம் இட்டுக்கினு வருவன்னு தெரியாதா?"

"அப்போ செல்லியம்மா டீச்சர்?"

"நமக்கு முன்னாடி அங்க சைக்கிள் கடைக்காரர் இருந்தாரு."

இன்டர்வியூவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வேறு வழியில்லாமல் மறுநாள் சாயங்காலம் தாட்சாயணி வீட்டு டியூஷனுக்குப் போய், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் பாயில் உட்கார்ந்தான். தாட்சாயணி பெரிய பிள்ளைகளோடு உள்அறைக்குப் போய்விட்டாள். ஆரம்பப் பாடக்காரர்களுக்கு வேறு டீச்சராம்.

எல்லோரும் எழுந்து "குட் ஈவினிங், ஷோபா மிஸ்" என்றார்கள், சம்பத்தும் எழுந்தான்.