மதமில்லாத மீன்

“வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் மீன்?”

மேயர் பெலிசியே கேட்ட தோரணைக்கு, சட்டியில் கிடந்த மீனே எழுந்து பதில் சொல்லிவிடும் போலிருந்தது.

“எப்பவும் அப்படித்தானே, மேயர் ஐயா,” என்றாள் பள்ளிக்கூடச் சமையல்காரி ஒடில்.

“அது மதம்! வெள்ளிக்கிழமை கறி ஆகாதுன்னது சர்ச்சு. இது பிரெஞ்சுக் குடியரசோட பள்ளிக்கூடம். இனிமே மீன் செவ்வாய்க்கிழமை.”

மார்ச்சில் தேர்தல். போன தடவை மயிரிழையில் ஜெயித்தவர். மதச்சார்பின்மையின் காவலன் என்று பெயரெடுத்தால் இந்தத் தடவையும் கரையேறலாம் என்று கணக்கு.

மொன்வால் என்ற அந்தச் சின்ன ஊருக்கு மீன் வண்டி வெள்ளிக்கிழமை மட்டும்தான் வரும். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடமே மூக்கைப் பொத்திக்கொண்டது.

“கொள்கை நாறாதும்மா!”

“கொள்கை நாறலை ஐயா, மீன்தான் நாறுது.”

மீனையே நிறுத்தினார். வெள்ளிக்கிழமை மாட்டிறைச்சி. அன்று சாயங்காலமே நகராட்சி வாசலில் கிழவர் மர்சோ ஒரு கூட்டத்தோடு வந்து நின்றார்.

“மூணு தலைமுறையா நாத்திகன்யா நான்! எங்கப்பன் பொணம்கூட சர்ச்சுக்குள்ள போகலை. கடவுள் இல்லைங்கிறதுக்காக என் பேத்திக்கு மீனும் இல்லாமப் போகணுமா? மார்ச்சுல பாத்துக்கறோம்!”

மேயருக்கு வியர்த்தது. வெள்ளிக்கிழமை மீன் திரும்பி வந்தது. ஆனால் கொள்கையை விட முடியுமா? சாப்பாட்டு அறையில் பெரிய பலகை மாட்டினார்: ‘இந்த மீனுக்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை.’

அதுவரை எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சந்தேகம் வந்ததில்லை.

“டீச்சர், என்ன சம்பந்தம் இல்லை?”

இல்லாத சம்பந்தத்தை விளக்க, டீச்சர் இருக்கிற சம்பந்தத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. இயேசு, அவர் வெள்ளிக்கிழமை இறந்த சிலுவை, பெரிய கல்லை வைத்து மூடிய கல்லறை. பிள்ளைகள் சாப்பிட மறந்து வாயைப் பிளந்தார்கள்.

“அப்புறம்? கல்லை யாரு நகர்த்தினா?”

“அதெல்லாம் இங்க சொல்லக் கூடாது. சர்ச்சுல போய்க் கேளுங்க!” என்று தப்பித்தாள் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு வேட்டைக்குச் சந்தைக்கு வந்த மேயருக்குக் கைகுலுக்க ஆளில்லை. பிள்ளைகள் இழுத்த இழுப்பில் ஊரே சர்ச்சுக்குள். முதல் வரிசையில் பேத்தியோடு மர்சோ!

படியை மிதிக்காமல் எட்டிப் பார்த்தார் மேயர். பாதிரியார் அன்செல்ம் ஓடிவந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“வருஷக்கணக்கா நானும் கரடியாக் கத்தினேன், நாலு கிழவிங்களைத் தாண்டி ஒருத்தர் வரலை. மேயர் ஐயா, ஒரு சின்ன உதவி. டிசம்பர் நெருங்குது... கிறிஸ்துமஸையும் கொஞ்சம் தடை பண்ணிடுங்களேன்!”