மனு அக்கா கேட்ட மருந்து

சிங்கப்பூரில் கஞ்சா என்ற சொல்லைக் குரல் தாழ்த்தாமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் எங்கள் மனு அக்காதான். சட்டத்துக்கு அவரளவு கட்டுப்பட்டவரும் இந்தத் தீவில் கிடையாது. ஆளரவமற்ற சாலையில்கூட பச்சை விளக்கு எரிந்தால்தான் கடப்பார்.

ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் திங்கள்தோறும் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நடக்கும். வருகிறவர்களின் குறையைக் கேட்டுக் கடிதமாக அடித்துத் தரும் தொண்டூழியர் நான். லிஃப்ட் பழுது, புறாத் தொல்லை என்று எழுதிப் பழகிய என் முன்னால் சக்கர நாற்காலியில் வந்து நின்றார் அக்கா. தண்டுவட நோய். கால் தசைகளை முறுக்கிப் பிழியும் வலி. கஞ்சாவிலிருந்து எடுக்கும் மருந்து தனக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டும் என்றார். என் விரல்கள் நகரவில்லை.

"எழுதுங்க தம்பி. எழுதினா யாரும் பிடிக்க மாட்டாங்க லா."

அதன்பின் ஒரு திங்களும் தவறியதில்லை; மனு அக்கா என்ற பெயரும் அப்படி வந்ததுதான். தேக்கா சந்தையில் மீன் வாங்க நின்றாலும் இதே பேச்சுதான். வரிசையில் இருப்பவர்கள் மெல்ல நழுவ, அக்கா எப்போதும் முதல் ஆளாக மீன் வாங்கினார். அவரைப் போதைக்காரி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நேரே போலீஸ் நிலையத்துக்குப் போய்த் தன் சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். சந்தேகமே இல்லாதவரைச் சோதிக்க வழியில்லை என்றார்களாம். அதையும் எழுத்தில் கேட்டு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

ஒருநாள் என் எதிரிலேயே வலி வந்துவிட்டது. மேசை விளிம்பைப் பற்றிய கை வெளுத்துப்போனது. பார்க்கப் பொறுக்காமல், அந்த மருந்து சட்டப்படி கிடைக்கும் பேங்காக் போய் வைத்தியம் பார்க்கலாமே என்று உளறிவிட்டேன். வெளிநாட்டில் எடுத்தாலும் சிங்கப்பூர்க் குடிமக்களான நமக்குக் குற்றம் என்பது எனக்குத் தெரியாததல்ல.

மூச்சு திரும்பியதும் அக்கா சொன்னார். "ஒளிஞ்சு மறைஞ்சு எடுத்தா எனக்கு மட்டும்தானே வலி போகும் தம்பி? பாலிகிளினிக் கவுண்டர்ல நம்பர் கூப்பிட்டு, என் பேர் ஒட்டின பாட்டில்ல தரணும். எனக்கு அப்புறம் வர்றவங்களுக்கும் தரணும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த உடம்புக்குள் இவ்வளவு பிடிவாதம் எங்கே இருக்கிறதென்று இன்றும் வியக்கிறேன்.

இதுவரை வந்த பதில்கள் எல்லாம் 'இயலாது' என்பதுதான். போன மாதம் அவரால் கீழே வர முடியவில்லை. மடிக்கணினியோடு வீட்டுக்குப் போனேன். படுத்தபடியே சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "எழுதிக் கொடுக்கிறவங்க சொந்தக் கருத்து போடக்கூடாதுன்னு உங்க ரூல் இருக்குல்ல? அழிச்சிடுங்க தம்பி."

அழித்துவிட்டேன். இந்தப் பத்திரிகைப் பத்தி என்னுடையது, அந்த விதி இங்கே செல்லாது. ஆகவே அழித்த வரியை எழுதுகிறேன்: இவரை எனக்குத் தெரியும். இவர் கேட்பதைக் கொடுங்கள்.