ராயபுரத்தில் கடல் தெரியும் வீடு விற்பனைக்கு

எனக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் ஒரு படிவத்தில் வரிசையாக உண்மைகளையே நிரப்பி ஊரை ஏமாற்றினேன்.

என் மனைவி ஸ்டெல்லா மாசமாக இருந்த நேரம். ராயபுரத்தில் எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஓர் அறை. அறையில் நாங்கள், ஹாலில் அம்மா. பிறக்கப்போகும் பிள்ளைக்கு இடமில்லை. வீட்டை விற்றுவிட்டு மாதவரம் பக்கம் ஃபிளாட் வாங்குவது என்று நானாக முடிவு செய்தேன்.

"நீங்க போங்க. நான் இங்கியே கீறேன்" என்றாள் அம்மா. விற்ற வீட்டில் எப்படி இருப்பாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன்பிறகு என்னோடு சரியாகப் பேசவும் இல்லை.

வீட்டின் மதிப்பை இலவசமாகச் சொல்லும் இணையதளம் ஒன்றை ஆபீசில் ஒருவர் காட்டினார். விவரங்களைக் குறிக்கக் குறிக்க, ஓரத்தில் விலை ஏறிக்கொண்டே போகும். (ஆட்டோவில்கூட மீட்டர் ஓடிப் பார்த்திராதவன் நான். மயங்கிவிட்டேன்.)

கட்டடத்தின் வயது? கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் சுண்ணாம்பு அடிக்கிறோம். ஆகவே ஒரு வருடத்துக்குள். கார் நிறுத்த இடம்? சந்து முனையில் பாஷா பாயின் ஷேர் ஆட்டோ நிற்கிறதே, அங்கே கார் நிற்காதா? எத்தனை மாடி? மொட்டை மாடியும் மாடிதானே. கடல் தெரியுமா என்றபோது மட்டும் கொஞ்சம் தயங்கினேன். தண்ணீர் டேங்க் கழுவ ஏறும்போது, துறைமுகத்துக் கிரேன்களின் நடுவே கொஞ்சம் தெரியும். டிக் அடித்தேன். விலை ஒரே தாவலில் ஒரு கோடியே தொண்ணூறு லட்சத்தில் போய் நின்றது.

உடனே மாமனாருக்கு போன் செய்தேன். "மாப்ள, சைபர் எதுனா ஒண்ணு சேந்து வந்துகினு கீதா, பாருங்க" என்றார். அவருக்கு என் வளர்ச்சி பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, 'விற்பனைக்கு' என்ற பொத்தானை அழுத்தினேன்.

அடுத்த ஞாயிறு, நகரத்தின் மறுகோடியிலிருந்து ராகவன் என்பவர் மனைவியோடு வந்து இறங்கினார். ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர். புத்தம் புது வீடு, கார் நிறுத்தலாம், கடலும் தெரியும், இந்த விலைக்கா என்று ஆசைப்பட்டு வந்தவர். மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த நெத்திலியைத் தாண்டி நின்று சுற்றிலும் பார்த்தார்.

"கடல் தெரியும்னு போட்டிருந்தீங்களே?"

"இன்னும் கொஞ்சம் மேல போகணும் சார்" என்று டேங்குக்குப் போகும் இரும்பு ஏணியைக் காட்டினேன். மனுஷன் ஏறிவிட்டார். நானும் பின்னாலேயே ஏறினேன்.

"எங்கப்பா கடல்?"

"அந்த மஞ்சள் கிரேன் லேசா நகரட்டும் சார்."

கிரேன் நகர்வதற்குள் அவர் கீழே பார்த்துவிட்டார். அப்படியே டேங்க் மூடியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்து, "என்னால இறங்க முடியாது" என்றார். நிதானமாகத்தான் சொன்னார், நான்தான் பாஷா பாயைக் கூவி அழைத்தேன்.

சந்து முழுக்கக் கூடிவிட்டது. "இன்னா மாமு, வூடு வாங்க வந்தவர டேங்க் மேல குந்த வெச்சிக்கினு கீற?" என்றபடி பாஷா பாய் கயிற்றோடு ஏறி வந்தார். அவர் தம்பியும் பின்னாலேயே ஏறினார். அம்மா வாசலில் நின்று, "சார், கீய பாக்காதீங்க. என்னைப் பாருங்க" என்று தைரியம் சொன்னாள். (அவள் நின்றது கீழேதான்.)

முக்கால் மணி நேரம் கழித்து, இடுப்பில் கயிற்றோடு ராகவன் தரைக்கு வந்தார். அம்மா மோர் கொடுத்தாள். திட்டு விழும் என்று நான் தலையைக் குனிந்து நின்றேன்.

"தம்பி, மேல உட்கார்ந்திருந்தப்ப பார்க்க வேற ஒண்ணும் இல்ல. உங்க வீட்டைத்தான் பார்த்தேன். நாலு பேர் ஏறியும் டேங்க் அசையல. அந்த வெப்சைட் சொல்ற விலைக்கு யாரும் வாங்க மாட்டாங்க, நான் உள்பட. ஆனா பீம் நல்லா இருக்கு. அஸ்திவாரத்தையும் தோண்டிப் பார்த்துடுவோம். சரியா இருந்தா மேல ரெண்டு ரூம் போடலாம். எதுக்கு விக்கறீங்க?"

 அம்மா இரண்டு மாதத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவரே வந்து, மூலையில் பள்ளம் தோண்டச் சொல்லிப் பார்த்து, பிளானும் வரைந்து கொடுத்தார். மகள் தவழத் தொடங்குவதற்குள் மேலே இரண்டு அறைகள் எழும்பிவிட்டன. இப்போது ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் சாப்பிட வருகிறார், கீழ்த்தளத்தோடு சரி. "எங்க வூட்ட வாங்க வந்து டேங்க் மேல குந்திக்கினு இருந்த சாரு" என்றுதான் அம்மா அவரை எல்லோருக்கும் அறிமுகப்படுத்துவாள். அவரும் எழுந்து வணக்கம் சொல்வார்.

போன வாரம் அந்த இணையதளத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. எங்கள் வீட்டின் மதிப்பு இன்னும் பன்னிரண்டு லட்சம் கூடியிருக்கிறதாம். மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

அவள் திரும்பக்கூட இல்லை. "அந்த வெப்சைட்ட ஒருவாட்டி நம்ம டேங்க் மேல ஏறி எறங்கச் சொல்லுடா. அப்பால பேசலாம்."