பாருக்குப் போன லோறன்ஸ்

தான் ஒரு ஹார்ட் றொக் இசைக்குழுவின் பாடகன் என்பது மனைவிக்குத் தெரியவே கூடாது என்று லோறன்ஸ் முடிவெடுத்தபோது அவருக்கு நாற்பத்துமூன்று வயது. கலியாணமாகிப் பதினெட்டு வருசம். அந்தப் பதினெட்டு வருசத்தில் அவராக எடுத்த முதல் முடிவு அதுதான். மற்ற முடிவுகளெல்லாம் மக்தலேனா எடுத்தவை. இவர் தலையாட்டியவை.

காரணம் இருந்தது. மக்தலேனா ஆலங்குடாக் கோயில் பாடகர் குழுவின் தலைவி. ஒரு காலத்தில் லோறன்சும் அந்தக் குழுவின் பின்வரிசையில் நின்றவர். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, சனமெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், இவருடைய குரலைக் கேட்டு ஒரு கைக்குழந்தை வீரிட்டது. கோயிலைவிட்டு வெளியே கொண்டுபோன பிறகும் அது அடங்கவில்லை. "உங்கட தொண்டை வள்ளத்து என்ஜினுக்குத்தான் சரி" என்று சொல்லி, மக்தலேனா அவரைக் கதிரை அடுக்குகிற வேலைக்கு மாற்றிவிட்டாள். லோறன்ஸ் சிரித்துச் சமாளித்தார். உள்ளுக்குள் நொந்துபோனார். பாட்டென்றால் அவருக்கு உயிர்.

நாட்டில் சண்டை முடிந்து, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்குகிற வெள்ளைக்காரர் கரைக்கு வரத் தொடங்கியிருந்த காலம். அவர்களுக்கென்று எழும்பிய ஒரு விடுதியில், சனிக்கிழமைப் பின்னேரங்களில் பாலாவி ஊர்ப் பெடியன் றஸீன் ட்ரம் அடிப்பான். இரண்டு பேர் கிற்றார் வாசிப்பார்கள். ஒருநாள் அந்த விடுதிப் படகைக் கரையேற்ற உதவிக்குப் போன லோறன்ஸ், "இழுங்கடா!" என்று ஒரு சத்தம் போட்டார். ட்ரம் நின்றது. றஸீன் மணலில் ஓடி வந்தான்.

"அண்ணே, ஒரு வருசமா இந்தத் தொண்டையைத்தான் தேடிக்கொண்டு இருக்கிறம்!"

குழுவுக்குப் பெயர் 'கரும்பார்'. கடலுக்கடியில் மீன் மேய்கிற பாறைத் திட்டை இந்தக் கரையில் பார் என்பார்கள். றொக் என்றாலும் பாறைதானே என்று றஸீன் வைத்த பெயர்.

முதல் சனி கேட்க வந்தவர்கள் பதினொரு பேர். நாய்கள் இரண்டு. ஐந்தாவது சனி நிற்க இடமில்லை. அந்த வெயிலிலும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, உச்சமுனையிலிருந்து களப்பைப் படகில் கடந்து பெடியன்மார் வந்தார்கள். சிலாபத்தில் ஒரு பெரிய மேடைக்கு அழைப்பும் வந்தது. லோறன்சுக்குக் கைதட்டல்கூடப் பெரிதில்லை. வாயைத் திறந்தால் யாரும் பிழை சொல்லாத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறதே என்பதுதான் அவருக்குப் பெரிது. அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாராயில்லை. முக்கியமாக மக்தலேனாவுக்கு.

ஆகவே சனிக்கிழமைதோறும் ஒரே பொய்.

"பாருக்குப் போறன்."

"எந்தப் பார்? குடிக்கிற பாரோ, மீன் பிடிக்கிற பாரோ?"

"மீன் பிடிக்கிறதுதான்."

மக்தலேனா மேற்கொண்டு கேட்கமாட்டாள். பாணும் சம்பலும் கட்டிக் கொடுப்பாள். இரண்டாம் கிழமை லோறன்ஸ் சந்தையில் ஒரு விளமீன் வாங்கிவந்து, தான் பிடித்ததாகச் சொன்னார். "பார் மீன் ருசிதான்" என்று அவளும் ஒப்புக்கொண்டாள். இவ்வளவு லேசாக ஏமாறுகிறாளே என்று லோறன்சுக்கு அவள்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

ஆறாவது சனி மத்தியானம்.

"லேனா, நான் பாருக்குப் போறன்."

"வள்ளத்தை விட்டுட்டோ?"

லோறன்ஸ் திரும்பினார். அவருடைய வள்ளம் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் மக்தலேனா செத்தல் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"இல்ல... இன்னாசிப்பிள்ளைட வள்ளத்தில."

"அதில அவற்ற பெண்சாதி கருவாடு காயப்போட்டிருக்கிறா. சோளகம் தொடங்கி ரெண்டு மாசம். இந்தக் காத்தில எந்த மடையன் பாருக்குப் போவான்?"

உண்மைதான். சோளகக் காற்றில் ஆலங்குடாக் கடலில் எவரும் வள்ளம் இறக்குவதில்லை. வெள்ளைக்காரர் வருவதே அந்தக் காற்றுக்காகத்தான். ஆனால் மீன்பிடிக்கிறவனுக்கு மீன்பிடிப் பொய்தானே வாயில் வரும்.

"அப்ப ஏன் போன கிழமையும் பாண் கட்டித் தந்தனி?"

"வெறும் வயித்தோட பாடினாத் தொண்டை கட்டிப் போகும் எண்டுதான்."

லோறன்ஸ் வள்ளத்துக்குப் பக்கத்தில் குந்திவிட்டார்.

"நீ வந்தனியோ?"

"மூண்டாம் கிழமையில இருந்து. வேலிக்கு அங்கால நிண்டனான்."

கேட்கக் கூடாது என்று நினைத்தார். கேட்டுவிட்டார். "எப்பிடி?"

மிளகாயைப் பரப்பிய கை நின்றது. "கோயில்ல நீங்க வாய் திறந்தா, நிலம் பிளந்தா உள்ளுக்குப் போயிரலாம்போல இருக்கும். அங்க கேக்கேக்க, இது எண்ட மனுசன் எண்டு பக்கத்தில நிண்ட பெடியனுக்குச் சொல்லோணும்போல இருந்தது."

"சொன்னனியோ?"

"சொன்னனான்."

"அவன் என்ன சொன்னவன்?"

"நம்பயில்ல."

லோறன்சுக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் மிளகாய் கிடந்தது நல்லதாய்ப் போயிற்று. பதினெட்டு வருசம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், இவளிடம் இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டுப் பெற வேண்டுமென்று தனக்குத் தோன்றியதே இல்லையே என்று நினைத்துக்கொண்டார். ஒளித்தது வீண் வேலை.

"ஆனா மேல போகேக்க சுருதி விலகுது" என்றாள் மக்தலேனா. "சிலாபத்துக்கு முந்தித் திருத்தோணும். இண்டைக்கு நானும் வாறன். இனி ஒவ்வொரு ஒத்திகைக்கும் வருவன்."

லோறன்ஸ் துள்ளி எழும்பினார். "அதெல்லாம் சரிவராது! அங்க எண்ட பாட்டில ஒருத்தரும் பிழை பிடிக்கிறயில்ல. றஸீன் எண்ட குரலெண்டா உயிரை விடுவான். அவன் லேசில சம்மதிக்கமாட்டான், சொல்லிப்போட்டன்!"

மக்தலேனா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"அவர்தானே என்னை வரச்சொல்லி ரெண்டு தரம் வீடு தேடி வந்து கெஞ்சினவர்."