வெள்ளைச் சீட்டுக்காரனின் அக்காள் எழுதுவது

குன்னம் வட்டம்
25.8.1985

திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்தராக இருக்கும் மாமா கிருஷ்ணமூர்த்தி அவர்களுக்கு, கொழுந்தியாள் பெரியம்மாள் கைகூப்பி எழுதுவது. இங்கு மழை ஒன்று தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கு தங்கள் சுகமும், அக்கா ஜெயலட்சுமியின் சுகமும், பிள்ளைகள் சுகமும் அறிய ஆவல்.

தாங்கள் எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் படித்தேன். "நீ கூடப் போனது ஆராய்ச்சிக்குக் குந்தகம் விளைவித்துவிட்டது, பெரிய டாக்டர் மிகவும் வருத்தப்படுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். மாமா, கூடப் பிறந்த தம்பியை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது குந்தகமா? ஊரில் யாரிடமாவது இதைச் சொன்னால் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

தங்கள் ஆராய்ச்சி எனக்குப் புரியாமல் இல்லை. சாராயம் குடித்துக் கெட்டவர்களைப் பத்து நாள் வார்டில் படுக்க வைத்து விஷத்தை இறக்குகிறீர்கள். பிறகு சீட்டுக் குலுக்கி, பாதிப் பேரை நர்ஸம்மா பஸ் ஏற்றி, அவரவர் ஊர்ப்பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கே கூட்டிப் போய் அங்கிருக்கும் டாக்டரிடம் ஒப்படைக்கிறார். அது மஞ்சள் சீட்டு. மீதிப் பேருக்கு 'அருகிலுள்ள சுகாதார நிலையத்தை அணுகவும்' என்று ஒரு வெள்ளைச் சீட்டு. ஆறு மாதம் கழித்து, எந்தச் சீட்டுக்காரன் டாக்டரிடம் போனான், எவன் சாராயக்கடைக்குப் போனான் என்று கணக்கெடுக்கிறீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் வேப்பந்தட்டைக்காரன் அரியமுத்து பக்கத்துக் கட்டிலில்தானே கிடந்தான்? அவனுக்கு மஞ்சள், உங்கள் சொந்த மச்சினன் பிச்சைமுத்துவுக்கு வெள்ளையா? மோட்டார் காயில் சுற்றுகிறவன் மாமா அவன். கை நடுங்கிக் கம்பி பிடிக்க முடியாமல், தாலி கட்டிக்கொண்ட செங்கமலம் சோறு ஊட்டிவிட்டாளே, அவனுக்கா வெறும் சீட்டு?

அந்தச் சீட்டின் கதையைக் கேளுங்கள். சட்டைப்பையில் வைத்தபடியே கழற்றிப் போட்டான், செங்கமலம் பம்ப்செட்டில் வைத்து அடித்துத் துவைத்துவிட்டாள். நான் அதைத் தோசைக்கல்லில் காயவைத்து, சோற்றுப் பருக்கை தடவி அட்டையில் ஒட்டினேன். 'அணுகவும்' மட்டும்தான் தெரிந்தது. அதை எடுத்துக்கிட்டு முதல் தடவை சுகாதார நிலையத்துக்குப் போனோம், டாக்டர் கேம்ப் போயிட்டாருன்னாங்க. ரெண்டாம் தடவை போனா அன்னைக்கு அங்கியே கேம்ப்பு! வாசல்ல ஒரு ஆளு மேஜை போட்டு உக்காந்திருந்தாரு. என்னைப் பாத்ததுமே, "வாங்க சத்துணவு டீச்சர், உங்க கோட்டாவுக்கு இது மொத கேஸா?"ன்னு கேட்டாரு. நானும் சீட்டைத்தான் சொல்றாருன்னு நெனச்சு, "ஆமாங்க சார், தம்பிதான்"னேன். "புள்ளைங்க எத்தனை?" "ரெண்டுங்க." "போதும் போதும், கைநாட்டா கையெழுத்தா?"ன்னாரு. இவன் கையெழுத்தே போட்டுட்டான் மாமா! உள்ள போயி அந்தப் படுக்கையையும் கத்தி கபடாவையும் பாத்ததுக்கப்புறம்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுன்னு புரிஞ்சிருக்கு; எங்களை மாதிரி ஆளுங்க இத்தனை பேரை ஆபரேஷனுக்குக் கூட்டியாரணும்னு வச்சிருக்கிற கோட்டாவைத்தான் அவரு கேட்டிருக்காரு. பின்னாடி ஜன்னல் வழியா குதிச்சவன் பருத்திக்காட்டுல விழுந்தடிச்சு ஓடுறான், நான் செருப்பைக் கையில புடிச்சிக்கிட்டு அவன் பின்னாடி ஓடுறேன், மேஜைக்காரரு என் பின்னாடி ஓடி வராரு. சந்தைக்குப் போற சனம் பூரா நின்னு வேடிக்கை பாக்குது.

ஓடினவன் நேரா சாராயக்கடை வாசல்ல போயி நின்னுட்டான். உள்ள போகல. மூச்சு வாங்குது. "அக்கா, என்னை வுட்டுடு. சீட்டு குடுத்தவங்களுக்கே என்னைப் பத்திக் கவலையில்ல, உனக்கு என்னா?"ன்னான். எனக்கு அழுகை வந்துடுச்சு. "எனக்கு வேற தம்பி இல்லடா"ன்னேன். என் பின்னாடியே வந்துட்டான்.

மூணாம் தடவை டாக்டர் இருந்தாரு. சின்ன வயசு, நல்ல மனுசன். வயித்தை அமுக்கிப் பாத்தாரு, ஈரல் வீங்கியிருக்குன்னாரு, மாத்திரை குடுத்தாரு. "பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்து என்னைப் பாருங்க, குடிச்சிருந்தாலும் வாங்க, திட்ட மாட்டேன்"னாரு. அதுக்கப்புறம் ஒரு தடவைகூடத் தவறல. ஆறு மாசமா சொட்டுகூடத் தொடல மாமா. போன வாரம் அரியலூர்க்காரர் மோட்டாருக்கு முழுக் காயிலும் அவனே சுத்திக் குடுத்தான்.

இந்தச் சந்தோசத்தைத்தான் கணக்கெடுக்க வந்த உங்க ஆளுகிட்ட, காப்பி போட்டுக் குடுத்து, வாய் வலிக்கச் சொன்னேன். அந்தாளு முகத்தைச் சுளிச்சிக்கிட்டு, "அம்மா, நீங்க கூடப் போயிருக்கக் கூடாது, வெள்ளைச் சீட்டு மஞ்சளாயிடுச்சே"ன்னு எழுதிக்கிட்டுப் போனாரு. இப்ப நீங்களும் அதையே எழுதுறீங்க. அவன் தானா போவாம குடிச்சுச் செத்திருந்தா உங்க கணக்கு சரியா வந்திருக்குமா? பெரிய டாக்டருக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லியா? அவன் பேரை உடனே மஞ்சள் பக்கம் மாத்தி எழுதுங்க. நியாயம் கெடைக்கலேன்னா நானே பஸ் ஏறி வந்து பெரிய டாக்டர் ரூம் வாசல்ல உக்காந்துடுவேன்.

மற்றபடி இங்கு வேறு விசேஷம் இல்லை. அக்காவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். பிள்ளைகள் நன்றாகப் படித்துப் பெரிய உத்தியோகத்துக்கு வர நம் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மேல் கோபம் இருந்தாலும் மரியாதை குறையாத,
பெரியம்மாள்

பி.கு. கடுதாசியை ஒட்டுறதுக்கு முன்னாடி பிச்சைமுத்துகிட்டப் படிச்சுக் காட்டினேன். பாதியிலேயே தலையைக் குனிஞ்சிக்கிட்டான். அவனுக்குக் குலுக்கல்ல விழுந்தது மஞ்சள் சீட்டுத்தானாம் மாமா! கூட வர வேண்டிய நர்ஸம்மா ஜானகி அவன் மாமியார் ஊராம். குடிகாரனா அவங்க கூடப் பஸ்ல வந்து எறங்க வெக்கப்பட்டுக்கிட்டு, வராந்தாவுலயே அரியமுத்துகிட்டச் சீட்டை மாத்திக்கிட்டானாம். அன்னைக்கு ரிஜிஸ்டர் எழுதினது நீங்கதானாமே? தலை நிமிராம, "மஞ்சளா வெள்ளையா?"ன்னு மட்டும் கேட்டு எழுதிக்கிட்டீங்களாம். தப்பு இவன் மேலதான், அதனால மேல எழுதினது எல்லாத்தையும் மறந்துடுங்க, பேரை மாத்தவும் வேணாம். உங்க வேலைக்கு ஆபத்து வராதுல்ல? பெரிய டாக்டர்கிட்ட உண்மையைத் தானே வந்து சொல்றேங்கிறான். நாளைக் காலையில மொத பஸ்ல தனியாத்தான் வருவானாம், நான் கூட வரவே கூடாதாம். சரின்னுட்டேன். நான் ரெண்டாவது பஸ்ல வரேன்.