ஞானதீபம் டீச்சர் வீட்டில் உள்ளிருப்புப் போராட்டம்

சங்கரன்கோவிலில் கடைசி விசைத்தறி ஓடி நிற்கிற வரைக்கும் பெண்டாட்டி வீட்டில் குடியிருக்க மாட்டேன் என்று தோழர் சண்முகையா அறிவித்தது ஒரு திங்கட்கிழமை. அறிவித்த இடம், சார்பதிவாளர் அலுவலக வாசல். கழுத்தில் மாலை இருந்தது. பக்கத்தில் மணப்பெண்ணும் நின்றார்.

அறுபத்தோரு வயது வரைக்கும் சண்முகையா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேரம் இல்லை. போனஸ், கூலி உயர்வு, நூல் விலை, மின்வெட்டு என்று ஒன்று முடிந்தால் ஒன்று. அவரோடு கொடி பிடித்தவர்களில் ஒருவர் கவுன்சிலர் ஆனார். ஒருவர் காண்டிராக்டர் ஆனார். இன்னொருவர் கல்யாண மண்டபமே கட்டிவிட்டார். சண்முகையாவுக்கு மிஞ்சியது கொடிக்கம்பு. இதை அவர் பெருமையாகத்தான் சொல்வார். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்.

ஞானதீபம் டீச்சர் குருவிகுளம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவரை இழந்தவர். பள்ளிக்கூட வாசலில் பஸ் நிற்பதில்லை என்று முன்பு ஒரு மறியல் நடந்தது. சண்முகையா ரோட்டில் படுத்தார். வெயில் முகத்தில் அடிக்கிறதே என்று டீச்சர் குடை பிடித்தார். பஸ் நின்றது. இன்றைக்கும் நிற்கிறது. சண்முகையா ஜெயித்த போராட்டங்களில் இன்னும் அமலில் இருப்பது அது ஒன்றுதான். குடைக்குக் கீழே தொடங்கிய பேச்சு வருடக்கணக்கில் நீண்டு, பதிவு அலுவலகத்தில் கையெழுத்தாக முடிந்தது.

முடிந்ததா? வாசலிலேயே தகராறு.

"ஆட்டோ வந்துட்டு. ஸ்டேஷன் ரோட்டுக்குத்தான?" என்றார் டீச்சர். அங்கேதான் அவர் வீடு. வாசலில் வேப்பமரம், மேலே மாடி.

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால" என்றார் சண்முகையா. அங்கே அவருக்கு ஓடு போட்ட ஒற்றை அறை.

"அந்த ரூம்ல நோட்டீஸ் கட்டுக்கே எடம் பத்தலன்னு நீங்கதான சொன்னிய?"

"இருக்கட்டும். நாப்பது வருசமா மொதலாளி வீட்டு நிழல்ல ஒதுங்காதவன் நான்."

"நான் மொதலாளியா? பென்சன் வாங்குத வாத்திச்சி."

"மாடி இருக்குல்லா?"

"மாடியில தண்ணித் தொட்டிதான் இருக்கு."

"வீட்டோட மாப்பிள்ளன்னு ஊரு சிரிக்கும் டீச்சர்."

"சிரிக்கட்டுமே. இந்த ஊரு சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

உடன்பாடு ஏற்படவில்லை. மணமக்கள் இரண்டு ஆட்டோவில் இரண்டு வீட்டுக்குப் போனார்கள்.

சண்முகையா நோட்டீஸ் கட்டின்மேல் சாய்ந்தபடி யோசித்தார். உண்ணாவிரதம் இருக்கலாம் என்றால் வயிற்றுப்புண். மறியல் என்றால் யாரை மறிப்பது? அப்போதுதான் மூளைக்குள் பல்பு எரிந்தது. உள்ளிருப்புப் போராட்டம்! எதிராளியின் இடத்துக்குள்ளேயே போய் உட்கார வேண்டியது. கோரிக்கை நிறைவேறுகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. அந்தக் காலத்தில் இப்படித்தான் ஒரு மில்லுக்குள் உட்கார்ந்தார். முதலாளி தாக்குப்பிடிக்காமல் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். முதலாளியே அப்படி என்றால் டீச்சர் எம்மாத்திரம்?

மறுநாள் காலை தலையணை, பாய், துண்டு, பிரஷர் மாத்திரை சகிதம் ஸ்டேஷன் ரோட்டு வீட்டுக் கதவைத் தட்டினார்.

"என்னது இது?"

"உள்ளிருப்புப் போராட்டம். என் வீட்டுக்குக் குடிவர நீங்க சம்மதிக்குத வரைக்கும் இங்கன இருந்து நகர மாட்டேன்."

டீச்சர் அவரைப் பார்த்தார். தலையணையைப் பார்த்தார்.

"எத்தன நாளானாலுமா?"

"எத்தன வருசமானாலும்."

"நெசமாத்தான் சொல்லுதியளா?"

"உயிரே போனாலும்!"

"அப்ப செருப்ப உள்ள போடுங்க. வெளிய கெடந்தா நாய் தூக்கிட்டுப் போயிரும்."

இப்படியாகப் போராட்டம் தொடங்கியது.

களத்தில் கொடுமைகள் அதிகம் என்று சொல்ல முடியாது. காலையில் இட்லி வந்தது. பதினொரு மணிக்கு மோர் வந்தது. மத்தியானம் வேப்பமர நிழல் சன்னல் வழியாக உள்ளே வந்து, தரையில் மெள்ள நகர்ந்து, அவர் காலைத் தொட்டு, வயிற்றில் ஏறி, கண்ணை மூடியது. தூரத்துத் தெருக்களில் தறிகள் தடக் தடக் என்று நெய்துகொண்டே இருந்தன. பக்கத்தில் கேட்டால் காது போகும். இவ்வளவு தூரத்தில் அது யாரோ தொட்டில் ஆட்டுகிற சத்தம். எப்போதாவது ஒரு ரயில் கூவிவிட்டுப் போகும். போலீஸ் வேன், ஜெயில், மில் வாசல் எல்லாவற்றிலும் படுத்துப் பார்த்தவர்தான் சண்முகையா. இப்படி ஒரு தூக்கம் எங்கேயும் தூங்கியதில்லை.

தறித் தொழிலாளர் சங்கச் செயலாளர் குருசாமிக்கு எதிர்வீடு. தலைவரின் போராட்டத்துக்கு ஆதரவு தெரிவிக்க வந்தார்.

"தோழர், நெலவரம் எப்படி இருக்கு?"

"கடுமையா இருக்குலே."

"கையில என்னது?"

"பாயசம்."

"நிர்வாகம் குடுத்ததா?"

"வாங்காம இருந்தா மரியாதக் கொறவு பாரு."

"இன்னொரு தம்ளர் இருக்குமா தோழர்? ஆதரவா நானும் கொஞ்ச நேரம் உக்காருதேன்."

சனிக்கிழமை டீச்சரே பேச்சை எடுத்தார்.

"பேச்சுவார்த்தைக்கு நான் தயார். ஆனா வீட்டுக்குள்ள வச்சுப் பேசுனா எனக்குச் சாதகம்னு நாளைக்கு நீங்க சொல்லக் கூடாது. பொது எடத்துல வச்சுக்கிடுவோம்."

சண்முகையா நிமிர்ந்து உட்கார்ந்தார். நியாயம்தான். கூலிப் பேச்சுவார்த்தை எந்தக் காலத்தில் முதலாளி வீட்டுக் கூடத்தில் நடந்தது? "எங்கன?"

"சுந்தரபாண்டியபுரம். சூரியகாந்தி பூத்திருக்காம்."

"பேச்சு முடிஞ்சதும் நான் களத்துக்குத் திரும்பிருவேன். அதுதான் மரபு."

"திரும்பாம? ராத்திரிக்கு ஆப்பம்லா."

முதல் சுற்றுப் பேச்சுவார்த்தை ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சுரண்டை பஸ்ஸில் சன்னல் சீட். காற்றாலைகள் வேலையும் இல்லை அவசரமும் இல்லை என்பதுபோல் சுற்றிக்கொண்டிருந்தன. பஸ்ஸை விட்டு இறங்கினால் மலையடிவாரம் வரைக்கும் மஞ்சள். யாரோ வெயிலை விதைத்து வெயிலையே அறுவடைக்கு விட்டிருந்தார்கள். வரப்பில் உட்கார்ந்து சண்முகையா தொண்டையைச் செருமினார்.

"நம்ம கோரிக்கை என்னன்னா..."

"இந்தாங்க, அதிரசம்."

"கோரிக்கை என்னன்னா டீச்சர், என் வீட்டுல சன்னல் ஒன்னுதான். ஒத்துக்கிடுதேன். ஆனா ஒரு மனுசனுக்கு ஒரு சன்னல் போதும்."

"இவ்வளவு பூவும் ஒரே பக்கம் பாத்து நிக்கி பாருங்க."

"மாநாடு மாதிரி இருக்கு" என்றார் சண்முகையா. காற்று வந்தால் பூக்கள் தலையசைத்தன. அவரும் அசைத்தார். கடைசி பஸ்ஸில் டீச்சர் தோளில் சாய்ந்து தூங்கியபடியே போராட்டக் களத்துக்குத் திரும்பினார். முடிவு எட்டப்படவில்லை. மீண்டும் கூடிப் பேசுவது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

இரண்டாம் சுற்று கழுகுமலையில். பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கிய சமணர்கள், சம்மணம் போட்டு, கண் பாதி மூடி. சாயங்கால வெயிலில் பாறை வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது. அது உருகி வழிந்து தங்கள் மேலும் படிந்துவிடும்போல் சண்முகையாவுக்குத் தோன்றியது.

"எவ்வளவு காலமா உக்காந்திருக்காவ?" என்று கேட்டார்.

"ஆயிரம் வருசத்துக்கு மேல."

"அம்மாடி! நம்ம உள்ளிருப்பெல்லாம் எந்த மூலைக்கு? கோரிக்க என்னவாம்?"

"ஒன்னும் கெடையாது. அதான் நிம்மதியா இருக்காவ."

சண்முகையா கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் கண்ணைப் பாதி மூடினார். தன் கோரிக்கை என்ன என்று நினைவுபடுத்திப் பார்த்தார். மலைக்குக் கீழே எங்கோ அது ஒரு பட்டம்போலப் பறந்துகொண்டிருந்தது. நூல் யார் கையில் இருக்கிறது என்று தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அப்புறம் சுற்றுகள் பெருகின. கரிவலம்வந்தநல்லூருக்கு ஒரு சுற்று. சும்மா பஸ்ஸில் ஏறி, எங்கே தோன்றுகிறதோ அங்கே இறங்கிக்கொள்கிற சுற்று ஒன்று. ஊரில் சிலர் போராட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள். "தீவிரமடைந்திருக்கிறது" என்றார் சண்முகையா. அவர் சட்டைகள் டீச்சர் வீட்டுக் கொடியில் காய்ந்தன.

கடைசிச் சுற்று குற்றாலத்தில். அருவியில் நிற்கும்போது தலையில் விழுந்தது தண்ணீரா மேகமா என்று தெரியவில்லை. நாற்பது வருடத் துண்டறிக்கைகளின் மசி தோளிலிருந்து கரைந்து ஓடுவதுபோல் இருந்தது. தென்காசியில் ரயில் ஏறினார்கள். கடையநல்லூர், பாம்புக்கோவில் சந்தை என்று ஊர்கள் ஈரத்துணிபோல் நழுவின. சாரல் சன்னலோடு கூடவே கொஞ்ச தூரம் வந்து, நின்று, கையசைத்துவிட்டுத் திரும்பியது. சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கும்போது நல்ல பசி. ஸ்டேஷன் ரோட்டுப் பக்கம் கால் தானாகத் திரும்பியது.

"அங்கன எங்க போறிய?" என்றார் டீச்சர்.

"களத்துக்கு."

"களம் முடிஞ்சுது. நான் ஒங்க கோரிக்கைய ஏத்துக்கிடுதேன்."

"என்னது?"

"நீங்கதான் ஜெயிச்சிய. ஒங்க வீட்டுக்கே குடிபோவோம். ஏ ஆட்டோ!"

முழுக் கோரிக்கையும் நிபந்தனை இல்லாமல் ஏற்கப்பட்ட போராட்டம் சண்முகையா வாழ்க்கையில் இதற்கு முன்பு ஒன்றுகூட இல்லை. ஆட்டோவில் ஏறும்போது ஸ்டேஷன் ரோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பூட்டைத் திறந்தார்கள். கதவு முனகியது. உள்ளே தூசி, நோட்டீஸ் கட்டுகள், ஒரு நாற்காலி. காலண்டரில் கல்யாண நாள் இன்னும் கிழிக்கப்படாமல் தொங்கியது. ஒரே சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். டீச்சர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"நல்லாத்தான இருக்கு. இங்கனயே இருந்துருவோம்."

சண்முகையா உட்காரவில்லை. "கொசு இருக்கும் டீச்சர்."

"ஜெயிலுக்குள்ள கொசுவோட ஆறு மாசம் குடும்பம் நடத்துனேன்னு சொன்னியல்லா?"

"அப்ப எளவட்டம். இங்கன தண்ணி ஒழுங்கா வராது."

"தெருக்குழாய்ல பிடிப்போம். ஒழைக்குத சனம் பூரா அப்படித்தான பிடிக்காவ?"

"காத்து வராது."

"ஒரு மனுசனுக்கு ஒரு சன்னல் போதும்னு சூரியகாந்திக்கு நடுவுல வச்சுச் சொன்னது ஆரு?"

"நாமதான் ரெண்டு பேரு இருக்கமே!"

"ஆளுக்குப் பாதி சன்னல்."

தன் வீட்டைத் தானே எதிர்த்துப் பேசுவது எவ்வளவு சிரமம் என்று சண்முகையாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலாளிமார் எப்படித்தான் சமாளித்தார்களோ என்று முதல் தடவையாக அவர்கள்மேல் இரக்கம் வந்தது. சுவரில் சாய்ந்தார். இங்கே தறிச் சத்தம் தொட்டில் இல்லை, பொட்டில் அடித்தது. வேப்பமர நிழல் இந்நேரம் அங்கே ஆளில்லாத தரையில் நகர்ந்து நகர்ந்து தேடிவிட்டுப் போயிருக்கும்.

"டீச்சர்" என்றார். குரல் மேடைக் குரலாக இல்லை. "எனக்கு அங்கனதான் தூக்கம் வருது."

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார்.

"திரும்பி வாரதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா போராட்டம்னு சொல்லிக்கிட்டு வரக் கூடாது."

"பெறகு?"

"குடிவாரேன்னு சொல்லணும்."

"மனசுக்குள்ள சொல்லிக்கிடுதேனே."

"மனசுக்குள்ள நீங்க மொத நாளே சொல்லிட்டிய. தலையணையோட வந்தியல்லா, அன்னைக்கே. இப்ப வாயத் தொறந்து சொல்லுங்க."

சண்முகையா கூரையைப் பார்த்தார். உதவிக்கு யாரும் இல்லை.

"குடிவாரேன்."

"மைக் இல்லாம கேக்க மாட்டேங்கு."

"குடிவாரேன் தாயே, குடிவாரேன்!"

டீச்சர் எழுந்து புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டினார். ஆட்டோ போகாமல் வாசலில்தான் நின்றது. அதை அவர் அனுப்பவே இல்லை.

ஸ்டேஷன் ரோட்டில் விளக்கு போட்டிருந்தார்கள். இரண்டு பையையும் சண்முகையாதான் தூக்கினார். எதிர்வீட்டு வாசலில் குருசாமி ஆவலாக எழுந்து நின்றார்.

"என்ன தோழர், ஒங்க வீட்டுப் பக்கம் ஆட்டோ போச்சாமே! போராட்டம் முடிஞ்சுட்டா?"

"முடிஞ்சுட்டுலே."

"கோரிக்கைய ஏத்துக்கிட்டாச்சா?"

"ஏத்துக்கிட்டாச்சு."

"பாத்தியளா! எனக்கு அப்பமே தெரியும், டீச்சர் எறங்கி வருவாவன்னு."

"டீச்சர் இல்லலே" என்றார் சண்முகையா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "நான்."